பழைய கார்: ஸ்டியரிங்கை யார் பிடித்துப் பார்ப்பது?

மார்ச் முடிவு என்று சொல்லியே மூன்று மாதமாக இந்தப் பக்கம் வராமல் ஓட்டிவிட்டேன். மன்னிக்கவும். நடுவில் வீட்டில் ஒரு கார் வாங்கினோம். புதுசு இல்லை, பழசு. அதைப் பற்றி எழுதச் சொல்லி இங்கே மைசூரில் இருக்கும் நம் ஆட்கள் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எந்தக் கார் நல்ல கார் என்று நான் சொல்லப் போவதில்லை, அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு வேறு ஒரு கருத்து உண்டு. கொஞ்சம் சண்டை பிடிக்கிற கருத்து.

வெளியூரில் பிழைக்கிற நாம் கார் வாங்குவது நாம் இருக்கிற ஊருக்காக இல்லை. சொந்த ஊருக்காக. பொங்கலுக்கும் பண்ணாரி குண்டத்துக்கும் போய் வீட்டு வாசலில் நிறுத்தும்போது பெரியப்பா பையன் சுற்றி வந்து பார்க்க வேண்டும், அதற்காக. நானும் அதில் ஒருத்தன்தான், மறைக்கவில்லை.

எங்கள் வீட்டுக்குக் கார் தேவைப்பட்ட காரணமே வேறு. என் மனைவி குவெம்பு நகரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் போகிறவர், பின்னால் மகள். போன மழைக்காலத்தில் இரண்டு தடவை விழுந்தார்கள். இரண்டாவது தடவை மகளுக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு. அன்று ராத்திரி மனைவி சொன்னது இவ்வளவுதான்: "ஏனுங்க, எனக்கு ஒரு சின்ன காரு போதுமுங்க. பழசா இருந்தாலும் சரி." நானும் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு மறுநாளே பார்க்க ஆரம்பித்தது செடான் :-)

நான் பி.காம். கணக்குப் பார்க்காமல் எதையும் செய்ததில்லை என்று பெருமை அடித்துக்கொள்கிறவன். இதில் மட்டும் கணக்கைப் போடவே இல்லை. பிறகு போட்டேன். பள்ளிக்கூடம், காய்கறி, பாட்டு வகுப்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 16 கிலோமீட்டர். வருஷத்தில் 290 நாள் என்று வைத்தால் 4,640. கோபிக்குப் போய்வர ஏறத்தாழ 340 கிலோமீட்டர், வருஷத்துக்கு ஐந்து முறை என்றால் 1,700. தூரத்தில் கால்வாசி என்று தோன்றும். நாளாகப் பாருங்கள்: பத்து நாள். அந்தப் பத்து நாளைக்காக மீதி 290 நாளும் அக்ரஹாரா சர்க்கிளில் ஒரு பெரிய வண்டியை நெளித்து நெளித்து எடுக்கப் போவது நான் இல்லை, அவர்.

முதலில் பார்த்தது 2020 மாடல் டீசல் செடான். இங்கே ஒரு பழைய கார் வியாபாரியிடம் இருந்தது, பெயர் வேண்டாம். வெள்ளை நிறம், உள்ளே வாசனை, சீட்டெல்லாம் பளபள. நான்தான் ஓட்டிப் பார்த்தேன். ரிங் ரோட்டில் ஒரு அழுத்து அழுத்தியதும் மனசு அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டது. மனைவி பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவரை ஓட்டிப் பார்க்கிறாயா என்று நானும் கேட்கவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. அவரிடம் "மேடம், கலர் பிடிச்சிருக்கா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் வீட்டில் என் மேல்தான் பாய்கிறது.

என்னைக் காப்பாற்றியது தொழில் புத்தி. இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கிப் படித்தேன். காரைச் சுற்றி வருவதற்கு முன்னால் அதைப் படியுங்கள் என்பது என் கட்சி. அதில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு வரி இருக்கும். ஒரு வருஷம் கிளெய்ம் இல்லை என்றால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, கடைசியில் 50 வரை ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த வருஷம் பூஜ்யம். ஒரே கை, ஐந்து வருஷம் ஓடிய கார், பூஜ்யம் என்று இருந்தால் போன வருஷம் ஏதோ நடந்திருக்கிறது. கேட்டேன். "சின்ன ஸ்கிராட்ச் சார்" என்றார். (அந்த போனஸ் காரோடு நமக்கு வராது, விற்கிறவரோடே போய்விடும். அது வேறு விஷயம்.)

ஹெப்பாளில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். ஐந்நூறு ரூபாய்க்கு வந்து பார்த்தார். பானெட்டைத் திறந்து, எஞ்சினைப் பார்க்கவே இல்லை. இரண்டு பக்கமும் மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத்தான் பார்த்தார். இடது பக்கம் பெயிண்ட் உரிந்து ஸ்பேனர் பட்ட தடம். உள்ளே தகட்டில் கம்பெனியின் வரிசையான புள்ளி வெல்டுக்குப் பதில் கையால் வைத்த பற்று. ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடிகளில் ஓரத்து எழுத்தைப் படித்தார், ஒரு கண்ணாடி மட்டும் வேறு வருஷம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காடி பேடா சார்" என்றார். அவ்வளவுதான்.

அதோடு இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்குப் புதுசு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி உண்டு. வண்டி நெடுந்தூரம் சூடாக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வடிகட்டி சுத்தமாகும். தினம் எட்டு கிலோமீட்டர் போய் எட்டு கிலோமீட்டர் திரும்புகிறவருக்கு அது அடைத்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் அதிகம் என்று டீசல் வாங்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுத்து திருப்பூரிலிருந்து மச்சான் போன். "மாப்ளே, இங்கே டிஎன் நம்பர்ல வாங்குங்க, அம்பதாயிரம் கம்மியா வரும்." கம்மிதான், ஒத்துக்கொள்கிறேன். கர்நாடகத்தில் ஆயுள் வரி கனம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையான புதுக் காருக்கு 14 சதவீதம், அதன் மேல் செஸ். பழைய காரின் விலையிலும் அது ஒளிந்திருக்கும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவுப்படி வேறு மாநிலத்து வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கத்திய நம்பர் வாங்கியாக வேண்டும். அங்கே என்.ஓ.சி., இங்கே வண்டியின் வயதுக்கேற்ற வரி, பிறகு அங்கே கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு நடை. எங்கள் கிளையில் ஒருவர் அந்த நடை நடந்ததைப் பார்த்தவன் நான். அந்த அம்பதாயிரம் எங்கே போனது என்று அவருக்கே தெரியாது. இரண்டு வருஷத்தில் மாற்றலாகித் தமிழ்நாட்டுக்கே திரும்புகிறவர்கள் என்றால் கதை வேறு, அவர்கள் டிஎன் வண்டியே வாங்கட்டும். எங்களைப் போல இங்கேயே வேர் விட்டவர்கள் கேஏ 09 அல்லது 55 தேடுவதுதான் நிம்மதி.

சென்னை வண்டி என்றால் இன்னும் ஒரு பயம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்று நாமெல்லாம் டி.வி.யில் பார்த்தோம். கழுவிப் பாலீஷ் போட்டு வேறு ஊரில் விற்றால் யாருக்குத் தெரியும்? சீட் பெல்ட்டை முழுசாகக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடி நுனியில் சேற்றுக் கறை இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். சீட்டுக்கடியில் இருக்கும் தண்டவாளத்தில் துருவும் அப்படியே.

கடைசியில் கிடைத்தது சரஸ்வதிபுரத்தில். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், மகளோடு இருக்கப் பெங்களூர் போகிறார். 2021 வேகன் ஆர், பெட்ரோல், 41,000 கிலோமீட்டர். காலை ஆறரைக்கு வருகிறோம் என்று சொன்னோம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முதல் ஸ்டார்ட்டைக் கேட்க வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார். போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. பேராசிரியர் சிரித்தார்.

இந்த முறை சாவியை மனைவியிடம் கொடுத்தேன். கொடுத்தேன் என்று பெருந்தன்மையாகச் சொல்கிறேன், உண்மையில் அவரே வாங்கிக்கொண்டார். ரிங் ரோடு வேண்டாம் என்றுவிட்டார். நேராக அவருடைய தினசரி வழி. பள்ளிக்கூட வாசல், அக்ரஹாரா சர்க்கிள், தேவராஜ அரசு ரோட்டில் இரண்டு காருக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்துவது. மைசூரில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், நூறடிக்கு ஒரு சர்க்கிள், நாளெல்லாம் கால் கிளட்ச்சில்தான். முதல் பத்து நிமிஷத்திலேயே சொன்னார்: "அந்த வெள்ளைக் காருல சீட்டு எவ்வளவு கீழே இருந்துச்சு தெரியுமுங்களா? பின்னாடி உட்கார்ந்தே பாத்தேன். முன்னாடி உட்கார்ந்தா எனக்கு பானெட்டே தெரிஞ்சிருக்காது." நான் ஆறடி. எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு சாமுண்டி மலை. பாதி ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்னால் உருளாமல் எடுக்கிறதா என்று பார்த்தார். நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொன்னேன். எஞ்சின் மட்டும் கத்தி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்தது என்று அர்த்தம். ஏறியது. இறங்கும்போது ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி வெறுமனே கேட்டுக்கொண்டு வந்தோம். இடது முன் சக்கரத்தில் ஒரு டொக் டொக். லிங்க் ராடு, பெரிய செலவில்லை என்றார் பாய். டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். நான்கும் 2021 டயர். புது டயர் விலையைக் காட்டி விலையைக் குறைத்தோம். 4,30,000க்கு முடிந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் புதுக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 ஆகிவிட்டது என்பதையும் பேரத்தில் சொன்னேன். புதுசு விலை இறங்கியபின் பழசுக்குப் பழைய விலை கேட்க முடியாதல்லவா. பேராசிரியர் பொருளாதாரக்காரர், உடனே ஒத்துக்கொண்டார்.

ஒரே சிக்கல், எம்பரிவாஹனில் நம்பரைத் தட்டினால் கடன் இன்னும் வங்கியின் பெயரில் நிற்கிறது. அவர் கடன் கட்டி முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. கட்டி முடித்ததும் வேலை முடிந்தது என்றுதான் படித்தவர்களே நினைக்கிறார்கள். என்.ஓ.சி.யும் படிவம் 35ம் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து அடமானத்தை நீக்கினால்தான் விற்கவே முடியும். இரண்டு வாரம் பொறுத்தோம். முன்பணம் தவிர ஒரு ரூபாய் தரவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

விற்கிறவர்களுக்கும் ஒன்று, ஏனென்றால் நம்மில் பலர் பழைய காரைச் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றாமலே விட்டுவிடுகிறோம். 2018ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படியுங்கள். 2007ல் விற்ற கார். அதன்பிறகும் கை மாறிக்கொண்டே போனது. 2009ல் விபத்து. ஆர்.டி.ஓ. ஏட்டில் பெயர் மாறவில்லை. நஷ்டஈட்டுப் பொறுப்பு முதலில் விற்றவர் தலையில். மச்சானுக்குத்தானே கொடுத்தேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, விற்ற 14 நாளுக்குள் தெரிவித்துவிடுங்கள்.

வேகன் ஆரைப் பார்த்துப் பெரியப்பா பையன் சொன்னது: "பேங்க் மேனேஜருக்கு இதுதானா?" கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அம்மா, மூட்டு வலிக்காரர், கதவைப் பிடித்து நின்ற வாக்கிலேயே உட்கார்ந்துவிட்டார். "குனிய வேண்டியதே இல்லை கண்ணு" என்றார். அதை நான் கணக்கில் எடுத்திருக்கவே இல்லை.

திரும்பி வரும்போது திம்பம். இருபத்தேழு கொண்டை ஊசி. ராத்திரி ஒன்பதுக்கு மேல் காட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் மதியமே கிளம்பிவிட்டோம். மனைவிதான் ஓட்டினார். பதினாலாவது வளைவில் கரும்பு லாரி ஒன்று எதிரே இறங்க, வண்டியை ஓரமாக நிறுத்தி, வழி விட்டு, உருளாமல் எடுத்தார். நான் மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, அதை விடுங்க. பிஞ்சு வந்துரப் போவுது."