கடை கட்டும் முன் ஒரு வார்த்தை!

வணிகப் பெருமக்களே!

சரக்குக் கொள்முதல் என்றால் நான்கு இடம் விசாரிக்கிறோம். மூட்டைக்கு இரண்டு ரூபாய் குறையுமா என்று பேரம் பேசுகிறோம். ஆனால் வாழ்நாளில் ஒரு முறை கட்டும் கடையையும் கிடங்கையும் மட்டும், பக்கத்துக் கடைக்காரர் கட்டியபடியே கட்டிவிடுகிறோம். முன்னே ஷட்டர், பின்னே ஜன்னலில்லாச் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். கும்மிடிப்பூண்டி ஆனாலும் திருவள்ளூர் ஆனாலும் இதே கதைதான்.

என் மளிகைக் கிடங்கும் அப்படிக் கட்டியதுதான். சித்திரை வைகாசியில் வெல்லம் கசிந்து சாக்கு நனையும். அதையாவது விலை குறைத்துத் தள்ளிவிடலாம். ஒரு நாள் மூட்டை அடுக்கிய பையன் மயங்கி விழுந்தான். கல்லாவில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த எனக்கு, உள்ளே எவ்வளவு வெக்கை என்பது அன்றுதான் உறைத்தது.

இதற்கு வழி காட்டியவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தில் பிறந்து, 1945இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்து, பின்னர் திருவனந்தபுரத்தில் குடியேறியவர். பெரிய அலுவலகம் வைத்துக்கொள்ளாமல், கொத்தனாரோடு கொத்தனாராக நின்று கட்டினார். 1990இல் பத்மஸ்ரீ பெற்றார், 2007இல் மறைந்தார். அவர் வடிவமைப்பில் உருவான தட்சிணசித்ரா, நமக்கு அருகே முட்டுக்காட்டில் 1996 முதல் இருக்கிறது. குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம்.

அவர் பரப்பிய முறை எளியது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே காலியிடம் விட்டுச் சுவர் எழுப்புவது. இதற்கு 'எலிப்பொறிக் கட்டு' என்று பெயர். ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலின் சூட்டைத் தடுக்கும். காற்றுப் போக, செங்கல்லிலேயே துளைவிட்ட சுவர். எலிக்கும் திருடனுக்கும் பயந்தால் துளையை உயரத்தில் வைத்து வலை அடிக்கலாம்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. அத்திப்பட்டு அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் கல்லுக்குச் சூளை வேண்டாம். வயலின் மேல்மண்ணைச் சுரண்டவும் வேண்டாம். தளம் போட்ட கடைக்காரர்கள் மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே சூடு குறையும்.

கல்நார் கலந்த ஷீட் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் தடை. அறுக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் தூசுதான் எமன். பழைய ஷீட்டை ஆளை விட்டு உடைக்காதீர்கள். புதிதாக வாங்கவும் வாங்காதீர்கள்.

"ஆர்க்கிடெக்ட் வைத்தால் கட்டுபடியாகுமா?" என்பீர்கள். நியாயமான கேள்வி. கட்டடச் செலவில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசினால், செலவைக் குறைப்பவருக்குக் கூலியும் குறையும். விலையைக் குறைத்துக் கொடுக்கும் தரகருக்குத் தரகு குறைவதைப் போலத்தான். ஆகவே சிக்கனமாகக் கட்டித்தரும் சிறிய கட்டடக் கலைஞரிடம் ஒட்டுமொத்தமாக ஒரு தொகை பேசுங்கள். அவரும் பிழைப்பார், நமக்கும் மிச்சம். பாரம் தாங்குமா என்பதைப் பொறியாளரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். எல்லா முறையும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

தனித்தனியாகப் போனால் சிறு கடைக்காரருக்குச் சுமைதான். எனவே, இத்தகைய ஒருவரைச் சங்கமே அமர்த்தி, பத்துக்கு இருபது கடைக்கும் சிறு கிடங்குக்கும் மாதிரி வரைபடம் தயாரித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாமே! பழகாத கொத்தனார்களுக்கு ஒரு நாள் பயிற்சியும் தரலாம்.

நம்மை நம்பி வேலைக்கு வரும் பிள்ளைகள் பகல் முழுவதும் அந்தக் கூரைக்குக் கீழேதான் நிற்கிறார்கள். சரக்கு கெட்டால் மறுபடி வாங்கலாம். ஆள் விழுந்தால்?

சிந்திப்போம்! செயல்படுவோம்!