பதிவேட்டில் எழுதினால் போதுமா?



பள்ளியில் மாணவர்களின் உயரத்தையும் எடையையும் அளந்து பதிகிறோம். ஒரு மாணவன் திடீரென மெலிந்தால் பெற்றோரை அழைத்து வினவுகிறோம். முதியோர் இல்லத்தில் வாழ்பவர் மெலிந்தால் மட்டும், "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று அமைதியடைந்து விடுகிறோம். இஃது எத்துணைப் பெரிய தவறு என்பதை என் பெரியம்மாவின் வாயிலாகவே உணர்ந்தேன்.

பெரியம்மா தனியார் முதியோர் இல்லம் ஒன்றில் இருந்தார். ஒருநாள் என்னைக் கண்டதும் அவர் கையை உயர்த்தினார். வளையல் முழங்கை வரை சரிந்தது. எடைப் பதிவேட்டைக் கேட்டேன். மறுக்காமல் கொடுத்தனர். மார்ச்சு மாதம் 48 கிலோ, ஏப்ரலில் 46, மே மாதம் 43. ஒரு மாதமும் விடுபடவில்லை; கையெழுத்தும் அழகு. ஆனால், அந்த எண்களை ஒருவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை!

முயற்சி ஏதுமின்றி ஒரே மாதத்தில் 5 விழுக்காடோ, ஆறு மாதத்தில் 10 விழுக்காடோ எடை குறைந்தால் அதனை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும் என்பது மருத்துவத் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். பெரியம்மா இரண்டே மாதத்தில் 10 விழுக்காட்டைக் கடந்திருந்தார். காரணம், பொய்ப்பல் தளர்ந்திருந்தது. சோற்றை மெல்ல முடியவில்லை. மீந்த தட்டைப் 'பசியில்லை போலும்' என்று எடுத்துச் சென்றுவிட்டனர். பல்லைச் சரிசெய்து, முட்டையும் மீனும் சேர்த்துக் குழைத்த கஞ்சியைக் கொடுத்த பின்னர் எடை மெல்ல ஏறியது.

பல் மட்டுமே காரணமன்று. விழுங்குவதில் இடர், மனச்சோர்வு, மறதிநோய், மருந்துகளின் பக்கவிளைவு எனப் பலவும் உண்டு. முதுமையில் எடை குறையும்போது தசையும் கரைகிறது. நடை தளர்ந்து கீழே விழ நேர்கிறது. படுக்கைப்புண் ஆற நாளாகிறது. நோய்த்தொற்று எளிதில் பற்றுகிறது. சிலருக்கு உடலில் நீர் கோத்து, மெலிவு எண்ணில் தெரியாமலும் போகலாம். ஆகவே, தராசோடு தட்டையும் பார்க்க வேண்டும்.

இல்லப் பணியாளர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. சிலரே பலரைக் கவனிக்க வேண்டிய நிலை. பராமரிப்பு நிலையங்கள் பதிவு பெற வேண்டும் என்று நம் நாட்டில் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆனால், சுவரில் தொங்கும் சான்றிதழ் எவர் தட்டையும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவர்கள் மனிதர்கள். அவர்களுள் நாமும் அடக்கம்.

செய்ய வேண்டியது எளிதே. மாதம் ஒருமுறை, அதே தராசில், அதே வேளையில், ஏறத்தாழ அதே உடையில் நிறுத்துப் பார்க்க வேண்டும். நிற்க இயலாதவருக்கு நாற்காலித் தராசு உண்டு. எண்ணுக்குப் பக்கத்திலேயே சென்ற மாதத்து வேறுபாட்டையும் எழுத வேண்டும். குறைந்தால் குடும்பத்தாருக்கும் மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும். புள்ளிப் பதிவேட்டில் சரிவைக் கண்டும் வாளாவிருக்கும் ஆசிரியரை நாம் ஏற்போமா?

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். தீபாவளிதோறும் மாணவர்களை அழைத்துச் சென்று முதியோருக்கு முறுக்கு வழங்குகிறோம், நானும் வழங்கியவளே. பல்லில்லாதவருக்கு முறுக்கு எதற்கு என்று அப்போது தோன்றவில்லை.

பெற்றோர்களே, உங்கள் வீட்டு மூத்தோரைக் காண அடுத்த முறை செல்லும்போது, "சாப்பிட்டீர்களா?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "இம்மாத எடை என்ன? சென்ற மாதம் என்ன?" என்று இல்லத்தாரிடம் கேளுங்கள். கேட்பார் இருந்தால்தான் பதிவேடு பேசும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.