ரயில் ஊதலை எங்கே நிறுத்துவது?

சென்ற திங்கள் நம் மன்றக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் "விரியும் பேரண்டம்" என்னும் பொருள்பற்றி அழகாகப் பேசினார். தொலைவிலுள்ள விண்மீன் திரள்களின் ஒளி ஏன் சிவப்புப் பக்கம் ஒதுங்குகிறது என்பதற்கு ரயில் ஊதலை எடுத்துக் காட்டினார். நம்மை நோக்கி வரும் வண்டியின் ஊதல் கீச்சென்றும், கடந்து போகும் வண்டியின் ஊதல் தணிந்தும் கேட்கிறதல்லவா? அதுபோல, விலகி ஓடும் திரளின் ஒளி அலையும் நீண்டுவிடுகிறது என்றார். கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன். அறைக்குத் திரும்பியபின் மனம் ஒப்பவில்லை. ஏனெனில், இதே ஊதலை நம்பி நான் ஒருமுறை தலைகுனிந்தவன்.

ஆராய்ச்சி மாணவர் தேர்வுக்குப் போயிருந்தேன். "ஒரு திரளின் செம்பெயர்ச்சி 14 என்றால், அது என்ன வேகத்தில் விலகுகிறது?" என்று கேட்டார்கள். ஊதல் கணக்குத்தான் நெஞ்சில் பதிந்திருந்தது. செம்பெயர்ச்சியை ஒளியின் வேகத்தால் பெருக்கி, "ஒளியைப்போல் 14 மடங்கு" என்றேன். எதிரே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். உடனே ஐன்ஸ்டைன் நினைவுக்கு வர, சிறப்புச் சார்பியல் வாய்பாட்டைப் போட்டு, "இல்லை, ஒளி வேகத்தில் நூற்றில் 99 பங்கு" என்று திருத்தினேன். முதல் விடையும் தவறு, திருத்தமும் தவறு. இடம் கிடைக்கவில்லை.

ஊதல் உவமை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அருகிலுள்ள திரள்களுக்கு அது போதும். 1912-ல் ஸ்லைபர் ஆண்ட்ரோமீடாவின் நிறமாலையை அளந்து, அது நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது என்று கண்டது இந்த முறையால்தான். ஆனால் தொலைதூரத் திரள்களுக்கும் அதையே சொல்லி நிறுத்திவிடுவது, கேட்பவரைப் பாதி வழியில் இறக்கிவிடுவது ஆகும்.

குறை எங்கே என்று பார்ப்போம். வண்டியின் ஊதல் தணிவது அது புறப்படும் கணத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஒலி நம் காதுக்கு வரும் வழியில் புதிதாக ஒன்றும் நேர்வதில்லை. தொலைதூரத் திரளின் ஒளிக்கோ, நேர்வதெல்லாம் வழியில்தான் நேர்கிறது.

ரயிலை விட மனமில்லையென்றால் ரயிலையே வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து தில்லிக்கு ஒரு மணிக்கு ஒன்றாக, ஒரே வேகத்தில் ஓடும் வண்டிகளை அனுப்புகிறோம். வண்டிகள் ஓட ஓட, கீழே தண்டவாளமும் நீண்டுகொண்டே போகிறது. நாக்பூர் வந்ததும், பாதி வழி கடந்தோம் என்று நாம் மகிழும்போது, பின்னால் கடந்த பாதியும் நீண்டிருக்கும், முன்னால் கடக்கவேண்டிய பாதியும் நீண்டிருக்கும். முதல் வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையே இருந்த இடைவெளியும் நீண்டிருக்கும். தில்லி நிலையத்தில் அவை ஒரு மணிக்கு ஒன்றாக வந்து சேரா. இரண்டு மணிக்கு ஒன்றாக வரலாம், பதினைந்து மணிக்கு ஒன்றாகவும் வரலாம். வண்டிகளை ஒளியலையின் முகடுகள் என்று கொள்ளுங்கள், இடைவெளிதான் அலைநீளம். சென்னை எங்கும் ஓடவில்லை.

இந்த விகிதத்தை 1927-லேயே பெல்ஜியத்துப் பாதிரியார் லெமேத்ர் எழுதிவிட்டார். ஒளி கிளம்பியபோது பேரண்டம் இருந்த அளவுக்கும், வந்து சேரும்போது இருக்கும் அளவுக்கும் என்ன விகிதமோ, அதே விகிதத்தில் அலை நீள்கிறது. ஆகவே செம்பெயர்ச்சி 14 என்பது முதன்மையாக ஒரு வேகத்தின் அளவன்று. அதனோடு ஒன்றைக் கூட்டினால் 15. அந்த ஒளி கிளம்பிய பிறகு பேரண்டம் 15 மடங்கு பெருத்திருக்கிறது. அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்.

அப்படி ஒரு திரள் 2024-ல் அறிவிக்கப்பட்டது. அதன் பெயர் ஜேட்ஸ் ஜிஎஸ் இசட் 14-0. பெயரா, ரயில் பெட்டி எண்ணா என்று கேட்காதீர்கள்! அதன் ஒளி கிளம்பியபோது அது நமக்கு ஏறத்தாழ 220 கோடி ஒளியாண்டுத் தொலைவில்தான் இருந்தது. ஆயினும் அந்த ஒளி நம்மை எட்ட 1,350 கோடி ஆண்டுகள் ஆயின. இதற்குள் திரள் சுமார் 3,400 கோடி ஒளியாண்டுத் தொலைவுக்குப் போய்விட்டது. ஊதலை மட்டும் அறிந்தவருக்கு இந்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றும். நீளும் தண்டவாளத்தை அறிந்தவருக்கு முரண்பாடே இல்லை. நமக்கும் அதற்கும் இடையேயுள்ள தொலைவு இன்று ஒளி வேகத்தின் இரண்டு மடங்குக்குமேல் வளர்கிறது. இதனால் ஐன்ஸ்டைனுக்கு இழுக்கொன்றும் இல்லை. எந்தப் பொருளும் தன் அருகே செல்லும் ஒளியை முந்தவில்லை, வளர்வது இடைவெளி.

"செம்பெயர்ச்சி" என்ற சொல்லும் கொஞ்சம் தொல்லைதான். பெயர்ச்சி என்றதும் என் அறை நண்பருக்குச் சனிப் பெயர்ச்சி நினைவுக்கு வந்து, எந்த ராசிக்கு நல்லது என்று கேட்கிறார். "செம்" என்பதும் முழு உண்மையன்று. இந்தத் திரளில் ஹைட்ரஜன் அணுவுக்குரிய 121.6 நானோமீட்டர் அளவுள்ள புற ஊதா ஒளி, சுமார் 1,850 நானோமீட்டராக வந்து சேர்கிறது. சிவப்பைத் தாண்டி அகச்சிவப்புக்குள் வெகுதூரம் போய்விட்டது. ஹபிள் தொலைநோக்கியின் பார்வை ஏறத்தாழ 1,700 நானோமீட்டரோடு நின்றுவிடும். 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை அகச்சிவப்புக்கென்றே கட்டியது ஏன் என்பது இப்போது விளங்கும்.

ஒளி வழிநடைக் களைப்பால் ஆற்றல் இழந்து சிவக்கிறது என்று 1929-ல் சுவிக்கி ஒரு கருத்துச் சொன்னார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒளி வெறுமனே களைத்திருந்தால், தொலைவில் வெடிக்கும் மீன் ஒன்று மங்கும் காலம் மாறக்கூடாது. செம்பெயர்ச்சி 1 உள்ள இடத்தில், 20 நாளில் மங்கவேண்டிய வெடிப்பு, நமக்கு 40 நாள் எடுத்து மங்குவதாகத் தெரிகிறது. நம் ரயில்கள் தாமதமாக வந்து சேர்ந்த அதே கணக்கு.

என் கட்சிக்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அதை மறைப்பது முறையன்று. வழி முழுவதையும் சின்னஞ்சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் சிறிய டாப்ளர் விளைவு ஒன்று நேர்வதாகக் கொண்டு, எல்லாவற்றையும் அடுக்கினால் இதே விடை வரும் என்று பன், ஹாக் என்னும் இருவர் 2009-ல் எழுதினார்கள். கணிதம் சரிதான். ஆனால் அந்த அடுக்கிலும், ஒளி வரும் வழி முழுவதற்கும் கணக்கு உண்டு. மேடையில் நாம் சொல்லும் ஒற்றை ஊதல் அதுவன்று.

வானமெங்கும் நிறைந்திருக்கும் நுண்ணலை ஒளியையே பாருங்கள். பேரண்டம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் ஆனபோது, 3,000 கெல்வின் வெப்பத்தில் தகதகத்த வாயுவிலிருந்து புறப்பட்ட ஒளி அது. ஏறத்தாழ 1,100 மடங்கு நீண்டு, இன்று 2.7 கெல்வின் குளிராகக் கிடக்கிறது. அப்படியானால் அந்த ஆற்றலெல்லாம் எங்கே போயிற்று என்று அறை நண்பர் கேட்டார். விரியும் வெளியில், பேரண்டம் முழுவதற்குமாக ஆற்றலைக் கூட்டிப் பார்த்து அது மாறாதிருக்கிறது என்று சொல்லும் விதி கிடையாது, சோதனைச்சாலையில் நாம் கற்ற விதி அங்கே அப்படியே செல்லாது என்றேன். அவர் வணிகவியல் மாணவர். "வரவும் செலவும் நேராகாத ஏட்டில் எந்தத் தணிக்கையாளர் ஐயா கையெழுத்துப் போடுவார்?" என்றார். மூன்று நாளாக அவருக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.