பாசியைப் பார்ப்பார் யார்?



பட்டமளிப்பு விழா நெருங்கிவிட்டது என்பதை நான் நாட்காட்டி பார்த்து அறிவதில்லை. நம் விடுதியின் பின்சுவரில் மழைக்காலம் முழுவதும் பச்சைப் பட்டுப்போல் படர்ந்திருந்த பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்குவார்கள்; அதிலிருந்தே அறிந்து கொள்வேன். அந்தச் சுவருக்காக நான் வாதாட வரவில்லை. அங்கு வளர்வது எளிய இனம். அடுத்த மழைக்கு மீண்டும் வந்துவிடும். வராமற் போகக்கூடிய இனங்களைப் பற்றித்தான் எழுத விரும்புகின்றேன்.

குளத்தில் மிதப்பதும் நமக்குப் பாசி; கிணற்றடியில் வழுக்குவதும் பாசி; மரப்பட்டையில் மெத்தைபோல் ஒட்டியிருப்பதும் பாசிதான். இந்தக் கடைசி வகையைத் தாவர இயலார் மாஸ் என்று பிரித்துச் சொல்வர். அதற்கு உண்மையான வேர் கிடையாது. மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் இலையாலேயே பருகும். எனவே அதை அழிக்க அதன்மேல் கைவைக்க வேண்டியதில்லை. மேலே நிழல் தரும் மரத்தை வெட்டினாலே போதும்.

தக்காக்கியா என்று ஒரு மாஸ் உண்டு. ஜப்பானிய மலைகளில் தக்காக்கி என்பவர் கண்டெடுக்க, 1958-இல் அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள். பின்னர் ஒரு வேடிக்கை நடந்தது. அதன் உடன்பிறப்பான மற்றோர் இனம் நம் சிக்கிம் பகுதி இமயமலையிலிருந்து எப்போதோ எடுக்கப்பட்டு, 1861-இலேயே வேறொரு செடியின் இனமாகப் பெயரிடப்பட்டிருந்தது! அது தக்காக்கியாதான் என்று 1963-இல்தான் தெளிந்தனர். நூறாண்டுக் காலம் ஒரு செடி தவறான பெயரோடு காகித உறைக்குள் தூங்கியிருக்கின்றது. திபெத்தில் இச்செடியை ஆராய்ந்தவர்கள் 2023-இல் வெளியிட்ட கட்டுரையில், இக்குலம் சுமார் 39 கோடி ஆண்டுப் பழமையானது என்றும், இமயம் எழுவதற்கு முன்பே தோன்றியது என்றும், வெப்பம் ஏறிவரும் அவ்விடங்களில் அதன் பரப்பு ஆண்டுக்கு 1.6 சதவீதம் குறைகின்றது என்றும் எழுதியிருக்கின்றனர். மலை எழுந்ததையே தாங்கி நின்ற செடி அது!

இந்தக் கணக்கை எடுக்க முதலில் செடியை அடையாளம் தெரிந்தவர் வேண்டும் அன்றோ? பெயர் தெரியாத ஒன்று குறைகின்றது என்று எவரால் சொல்ல முடியும்?

என் ஊர் பெரியகுளம். தலை நிமிர்ந்தால் பழனி மலைத்தொடர். அம்மலையின் மாஸ்களையெல்லாம் தேடித் திரட்டியவர் செண்பகனூரில் வாழ்ந்த ஃபோரோ என்னும் யேசு சபைப் பாதிரியார். அவர் சேகரித்தவற்றை இங்கிலாந்தில் டிக்சன் போன்றோர் ஆராய்ந்தனர். ஒரு பேரினத்துக்கு ஃபோரோயெல்லா என்று அவர் பெயரையே இட்டனர். அவருடைய பட்டியல் 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஏட்டில் வந்தது. அதை நான் படித்தது பெரியகுளத்தில் அன்று. இந்த வடநாட்டு நூலகத்தில்! வெட்கமாகத்தான் இருந்தது. அம்மலையின் புல்வெளிகளையும் சோலைகளையும் தைலமரமும் சீகைமரமும் பைனும் எவ்வளவோ விழுங்கிவிட்டன. பட்டியலில் உள்ளவற்றுள் எவை இன்றும் அங்கேயே நிற்கின்றன என்பதைச் சோலை சோலையாகச் சென்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பார்ப்பவர் ஒருவருமே இல்லை என்பது பொய். நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இத்துறை ஆராய்ச்சி நடந்திருக்கின்றது. ஆனால் மலை பெரிது, கண்கள் சில.

நம் சங்கத்து அண்ணன் ஒருவர் கேட்டார்: “ஏன் தம்பி, ஊரெல்லாம் ஜீனைத் துரத்திக்கொண்டு ஓடும்போது நீ மட்டும் பாசி சுரண்டப் போகிறாயா? வேலை கிடைக்குமா?” அவர் கேட்டதில் தவறில்லை. வீட்டில் அப்பாவும் அதையேதான் கேட்பார். வேலைக்கு என்னிடம் விடை இல்லை. ஜீனுக்கு உண்டு: தக்காக்கியாவின் ஜீனைப் படித்தவர்களுக்கும், மூச்சு வாங்கும் உயரத்துக்கு ஏறி, ‘இதுதான் அது’ என்று கிள்ளியெடுக்க ஆள் தேவைப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று பகைக்கும் கல்வி அல்ல. ஒன்றுக்கு இயந்திரமும் இடமும் தருகின்றோம். மற்றதற்கு ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியும் பத்தாண்டுப் பொறுமையும் போதும். அந்தப் பத்தாண்டைத்தான் எவரும் கொடுக்க மறுக்கின்றனர்.

ஆய்வுப் பொருளை எழுதிக் கொடுக்க வரும் திங்கட்கிழமை கடைசி நாள். நான் ‘பழனி மலை மாஸ்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மார்கழி விடுமுறையில் செண்பகனூர்ப் பக்கம் என்னோடு நடக்க விரும்பும் நண்பர்கள் சொல்லுங்கள். தாவர இயல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அட்டைக்கு அஞ்சாதிருந்தால் போதும்.