இனானின் வாக்குறுதி

இளையோருக்கான மிகைபுனைவு நாவல்களில் காதல் நுழைந்ததும் அரசியல் நீர்த்துப்போகிறது என்பது நெடுநாள் குற்றச்சாட்டு. நைஜீரிய வேர்கொண்ட அமெரிக்க எழுத்தாளர் டோமி அடேயமி 2018இல் வெளியிட்ட ‘சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்’ நாவலையும் அந்தப் பட்டியலில் தள்ளிவிடுவது எளிது. ஒரீஷா நாட்டு அரசன் சாரன், மந்திர ஆற்றல் கொண்ட மாஜிகளைக் கொன்றொழித்து 11 ஆண்டுகள் ஆகின்றன. அதில் தாயை இழந்தவள் ஸேலி. அவளைத் துரத்தி வருபவன் அரசனின் மகன் இனான். இவர்களுக்குள் காதல் என்றதும், கொன்றவன் வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளையடிக்கிறார்களோ என்ற ஐயம் வருவது நியாயம்தான். ஆனால் நாவலின் அரசியல் கூர்மை முழுவதும் அந்தக் காதலில்தான் இருக்கிறது என்பதே நம் வாதம்.

இனான் கயவன் அல்ல. அவனுக்குள்ளும் மந்திரம் விழிக்கிறது. தலையில் முளைத்த, மாஜிகளின் அடையாளமான வெள்ளை முடிக்கீற்றைத் தலைக்கவசத்துக்குள் மறைத்துக்கொண்டு திரிகிறான். ஸேலியின் மனத்துக்குள் புகுந்து அவள் தாயின் சாவை அவளுடைய வலியோடே உணர்கிறான். பிறர் துயரம் புரிந்துவிட்டால் அநீதி தானே கரைந்துவிடும் என்று நல்லவர்கள் நம்புகிறார்களே, அந்தப் புரிதல் அவனுக்கு முழுமையாகவே வாய்க்கிறது. அதற்குப் பிறகும் அவன் தரக்கூடியது ஒரு வாக்குறுதிதான்: நான் அரசனானால் எல்லாம் மாறும். அற்றுப்போன மாஜிகளின் ஆற்றல் மீண்டும் கண்முன் எழுந்ததும் தகப்பனின் அச்சம் அவனையும் பற்றிக்கொள்கிறது. தங்கை அமாரியைப் பாருங்கள். உயிர்த்தோழியான பணிப்பெண் பின்ட்டாவை அப்பா கொன்றதும், அவள் எந்த முடிசூட்டுக்கும் காத்திருக்கவில்லை. மந்திரத்தை மீட்கக்கூடிய சுவடியைத் திருடிக்கொண்டு அரண்மனையை விட்டு ஓடுகிறாள். இருவர் அன்பும் உண்மை. எதை இழக்கச் சம்மதிக்கிறார்கள் என்பதில்தான் பிரிகிறார்கள்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நிராயுதபாணிகளான கறுப்பினத்தவர் காவலர்களால் சுடப்படும் செய்திகளின் நடுவே இதை எழுதியதாக அடேயமி நூலின் பின்குறிப்பில் சொல்கிறார். நாவலிலோ, சாரனின் முதல் மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றவர்கள் மாஜிகள். ஒடுக்குபவனின் பயத்துக்கு அப்படியொரு காரணம் கொடுத்தால் கறுப்பினத்தவரோடு மாஜிகளை வைக்கும் ஒப்புமை இடறாதா? இடறுகிறது, மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் முதல் பக்கங்களில் ஸேலிக்குச் சண்டைப் பயிற்சி தரும் மூதாட்டி மாமா அக்பாவின் குடிலுக்கு வரி கேட்டு வரும் காவலர்கள் யாரை மிரட்டுகிறார்கள்? மந்திரம் அற்றுப்போய், வெண்முடி மட்டுமே மிஞ்சிய பிள்ளைகளை. வரி கட்ட முடியாதவர்களுக்குக் கட்டாய உழைப்பு. பயத்தின் காரணம் போன பிறகும் பயத்தின் பெயரால் வசூல் நிற்கவில்லை. அரசு என்பது எப்படி இயங்கும் என்று இதைவிடத் தெளிவாக ஓர் இளம் வாசகருக்குச் சொல்வது கடினம்.

பகை காதலாகும் வேகம் நம்பும்படி இல்லை. அது எழுத்தின் குறை. ஆனால் ஸேலி பிடிபட்டு, அவள் முதுகில் அரசன் ஆணைப்படி இழிசொல் கத்தியால் செதுக்கப்படும்போது, இனானின் காதல் அதைத் தடுக்கவில்லை. ஆசிரியரும் முத்தத்தால் அந்தப் புண்ணை ஆற்றவில்லை. 2019இல் வந்த இரண்டாம் பாகம் இன்னும் கடுமையானது. அரியணை தன் கைக்கு வந்தால் எல்லாம் சீராகும் என்று அமாரியும் நம்பத் தொடங்குகிறாள். வெற்றிக்காகத் தன் பக்கத்தவரையே பலியிடத் துணிகிறாள்.