முயலுக்கும் வைத்தியச் செலவா?

சென்ற மாதம் ஒரு பிற்பகல், எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையிலே என் சட்டைப்பையிலிருந்து ஒரு பற்றுச்சீட்டு நழுவி விழுந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த நண்பர் அதனை எடுத்துத் தருகையில், அதிலிருந்த தொகை அவர் கண்ணிற் பட்டுவிட்டது.

"ஆருக்கு மாஸ்ரர் சுகமில்லை?" என்று பரிவோடு வினவினார்.

"முயலுக்கு" என்றேன்.

பரிவு மறைந்தது; சிரிப்பு வந்தது. "முயலை என்ன விலைக்கு வாங்கினனீங்கள்?"

"ஆயிரத்தைந்நூறு ரூபா."

"அப்ப, இந்த ஒன்பதாயிரத்து நானூறுக்கு ஆறு முயல் வாங்கலாமே!"

நண்பர் கணித ஆசிரியர். அவருடைய வகுத்தலிற் பிழையில்லை. ஆயினும், அன்று மாலை சைக்கிளில் வீடு திரும்பும்போது அந்தக் கணக்கு என்னைவிட்டு அகலவேயில்லை. அதனையே இந்தக் கிழமை வாசகர் முன் வைக்கலாம் என்று எண்ணினேன். ஏனெனில், வட்டுக்கோட்டையிலும் சித்தன்கேணியிலும் சங்கானையிலும் பிள்ளைகள் உள்ள வீடுகள் பலவற்றில் இப்போது முயற்கூடு ஒன்று காணப்படுகிறது.

தமிழிலே முயலுக்கு என்றும் மதிப்புக் குறைவுதான். இல்லாத பொருளுக்கு முயற்கொம்பு என்கிறோம். பிடிவாதக்காரனுக்கு மூன்று கால் முயலைக் கொடுத்திருக்கிறோம். வீரத்தைப் பேசவந்த வள்ளுவரும், முயலைத் தைத்த அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலையே கையில் ஏந்துதல் இனிது என்றார். மாட்டுக்கு வாகடம் எழுதிய நம் முன்னோர் முயலுக்கு ஒன்று எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. எழுதாததிலும் ஒரு நியாயம் உண்டு. நம் பற்றைகளில் ஓடும் காட்டு முயல் வேறு. கூட்டில் வளரும் இந்த முயல் வேறு. பின்னது ஸ்பானியாப் பக்கத்திலிருந்து உலகெங்கும் பரவிய இனம். குளிர்ந்த நிலத்திலே வளை தோண்டி வாழ்ந்த பிராணியை, நாம் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்திருக்கிறோம்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு முயல்கள் 2023ஆம் ஆண்டு ஆவணியில் வந்தன. இளைய மகள் ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாய் வேண்டாம், பூனை வேண்டாம், சத்தம் போடாத ஒன்று போதும் என்பது அவளுடைய வாதம். செலவில்லாத பிராணி என்பது என்னுடைய எண்ணம். பாண் துண்டு, விசுக்கோத்து, சமையலில் மிஞ்சிய கரட் ஆகியவை போதும் என்று நினைத்தேன். வெள்ளை நிறத்தவளுக்கு வெள்ளி என்றும், மற்றவளுக்குக் கறுப்பி என்றும் பெயர் வைத்தாள். இரண்டும் பெண் என்று விற்றவர் உறுதி சொன்னார். அது மெய்யாயிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஆணும் பெண்ணுமாயிருந்திருந்தால், ஏறத்தாழ 31 நாட்களில் ஒரு குடும்பமே பெருகியிருக்கும்.

கறுப்பியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். 2024 சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவள் தீனைத் தொடவில்லை. மூலையிலே முதுகைக் கூனிக்கொண்டு இருந்தாள். மாலை ஐந்து மணி. நகரிலுள்ள தனியார் மிருக வைத்தியரிடம் அழைத்துப் பேசினேன். நேரங்கடந்த கட்டணம், ஓட்டோக் கூலி போக வர, மருந்து எல்லாம் சேர்த்து மனத்திற்குள்ளே கூட்டிப் பார்த்தேன். மாதக் கடைசி. "விடியட்டும், பார்ப்போம்" என்றேன். வெயிலுக்குச் சோர்ந்திருக்கிறாள் என்று மகளுக்கும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். விடிந்தபோது கறுப்பி விறைத்துக் கிடந்தாள்.

வளவின் கோடியிலே, மாதுளைமரத்தடியில் புதைத்தோம். மகள் அழவில்லை. மண்ணைத் தள்ளி முடித்தபின், "அப்பா, எனக்கெண்டாலும் விடியட்டும் எண்டு சொல்லுவியளோ?" என்று மட்டும் கேட்டாள். இருபது ஆண்டுகளாக வகுப்பிலே கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகியவன் நான். அதற்கு ஒரு சொல்லும் வரவில்லை.

பின்னர் வைத்தியர் விளக்கினார். முயலின் குடல் ஓயாது இயங்கவேண்டிய இயந்திரம். நார்ச்சத்துள்ள புல் உள்ளே சென்றுகொண்டே இருந்தால்தான் அது ஓடும். நோவினாலோ, வெப்பத்தினாலோ, அச்சத்தினாலோ உண்பது நின்றால் குடலும் நின்றுவிடும், வாயு நிறையும், நோவு பெருகும், மேலும் உண்ணாது. முயலால் வாந்தியெடுக்கவும் இயலாது. பன்னிரண்டு மணி நேரம் உண்ணாத முயல் அவசர நோயாளி என்றே கொள்ளவேண்டும். ஆடு ஒருநாள் தீன் தின்னாவிட்டால் அடுத்தநாள் காட்டலாம். முயலுக்கு அந்தத் தவணை இல்லை. காட்டில் வேட்டைப்படும் பிராணியாதலால், நோவை வெளியே காட்டாமலிருப்பதும் அதன் இயல்பு. நாம் கண்டுகொள்ளும்போதே காலம் பாதி கடந்திருக்கும்.

இரண்டு மாதங்களின் பின் வெள்ளியின் நாடி ஈரமாயிருப்பதை மகள் கண்டாள். எச்சில் வடிந்துகொண்டிருந்தது. இம்முறை நான் எதையும் கூட்டிப் பார்க்கவில்லை. அருகிலுள்ள அரச மிருக வைத்தியரிடம் அன்றே கொண்டுசென்றோம். மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவிலே, கடதாசிப் பெட்டியோடு நின்ற எங்களைப் பார்த்துச் சிலர் நகைத்தனர். வைத்தியர் நகைக்கவில்லை. வாயைத் திறந்து பார்த்து, கடைவாய்ப் பற்கள் கூராக வளர்ந்து நாக்கை அறுக்கின்றன என்றார். மயக்க மருந்து கொடுத்தே அவற்றை அராவவேண்டும். அதற்கு வேண்டிய கருவி தம்மிடம் இல்லை என்று சொல்லி நகருக்கு அனுப்பினார்.

முயலின் வாயில் 28 பற்கள். அவை அனைத்தும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீளும். புல்லை மணிக்கணக்காக அரைத்தாற்றான் பற்கள் தேயும். பாணும் விசுக்கோத்தும் அரைபடாமலே கரைந்துவிடும். நான் சிக்கனம் என்று எண்ணிக் கொடுத்த பண்டங்களே அந்த ஒன்பதாயிரத்து நானூறு ரூபாவின் விதை! பற்கள் ஒருமுறை ஒழுங்கு தவறினால் முழுவதும் சீர்ப்படுதல் அரிது. குறித்த காலத்துக்கு ஒருமுறை அராவவே வேண்டும். நகவெட்டியால் முன்பல்லை வெட்டிவிடலாம் என்று சிலர் சொல்வர். கேளாதீர்கள், பல் நெடுக்காகப் பிளந்து வேரிற் சீழ் கட்டும்.

இவ்வளவு சிறிய உடலுக்கு இவ்வளவு பெரிய கட்டணம் ஏன் என்று வைத்தியரிடமே கேட்டேன். சிறிய உடலாதலாலேயே என்றார். மயக்க மருந்தின் அளவு சற்றுத் தவறினாலும் உயிர் போகும். பக்கத்திலே ஒருவர் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். மருந்துகளோ பெரும்பாலும் இறக்குமதி. 2022 மார்ச்சில் டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்தது, மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதை நாம் மறந்துவிடவில்லை. சம்பளம் அந்தப் படியிலே ஏறவில்லை என்பதை ஆசிரியர் குடும்பங்களுக்கு நான் சொல்லவேண்டியதுமில்லை.

வீட்டிலே விவாதம் நடந்தது. மூத்தவனுக்கு உயர்தரப் பரீட்சை. பௌதிகவியல் தனியார் வகுப்புக்குப் பணம் கட்டவேண்டும். என் மனைவி சினக்கவில்லை. கணக்குக் கொப்பியை என்முன் வைத்தாள், அவ்வளவுதான். மாமி பக்கத்திலிருந்து, "ஆட்டுக்குச் செலவழிச்சால் குட்டி வரும், பால் வரும். இது என்ன தரும் தம்பி?" என்றார். நேர்மையான கேள்வி. நம் ஊரில் மிருக வைத்தியம் என்பது வருவாயைக் காக்கும் வைத்தியமாகவே வளர்ந்தது. நாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசியை அரசு இலவசமாகப் போடுகிறது. அதுவும் மனிதரைக் காப்பதற்கே. வருவாயும் தராமல், ஆபத்தும் விளைக்காமல், சும்மா இருக்கும் ஒரு பிராணிக்கு யார் பொறுப்பு? கூட்டைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தவன்தான் பொறுப்பு என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தென்படவில்லை. முயல் எங்களைத் தேடி வரவில்லை.

செல்வ நாட்டிலும் இந்தத் தொல்லை தீர்ந்தபாடில்லை. இலண்டனிலுள்ள என் மைத்துனர் வீட்டு முயலுக்குக் காப்புறுதியே உண்டு. ஆயினும் மாதக் கட்டணம் ஏறுகிறதென்று குறைப்படுகிறார். அங்கே மிருக வைத்தியக் கட்டணங்கள் மிகுந்துவிட்டன என்ற முறைப்பாட்டின்மேல், சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அரச அமைப்பு 2024 மே மாதத்தில் முறையான விசாரணையையே தொடங்கிற்று. அதே இலண்டனில் 1917ஆம் ஆண்டு, மரியா டிக்கின் என்னும் அம்மையார் ஏழைகளின் பிராணிகளுக்கென ஒரு நிலவறையில் இலவச மருந்தகம் திறந்தார். பின்னர் அது பெரிய தரும நிறுவனமாக வளர்ந்தது. நம் பக்கத்திலும் கூடிச் செய்யும் வழக்கம் புதிதன்று; மூளாயிலே மக்கள் கூட்டுறவு முறையில் வைத்தியசாலை கண்டவர்கள். மயக்க மருந்துக் கருவி ஒன்றைப் பொதுவில் வாங்குவது பற்றி என்றாவது ஒருநாள் யாரேனும் பேசக்கூடும்.

அதுவரை எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொல்கிறேன். பழைய பால்மாத் தகரம் ஒன்றிலே மாதம் ஆயிரம் ரூபா போடுகிறோம். நான் கல்லூரி வாசற் கடைத் தேநீரை விட்டேன். மகள் பிறந்தநாட் பணத்திற் பாதியைத் தந்தாள். மாமியும், ஒன்றும் சொல்லாமல், ஓய்வூதிய நாளில் நூறு ரூபாவை உள்ளே போடுவதை நான் கண்டிருக்கிறேன். தகரத்தில் உள்ள அளவுதான் செலவு. அதற்குமேற் கடன்படுவதில்லை என்பதை மகளுக்கு முன்னரே வெளிப்படையாகச் சொன்னோம். வேதனையைத் தணிக்க இயலாத நிலை வந்தால் ஊசிமூலம் அமைதியாக உயிர் பிரியச் செய்வதும் வைத்தியமே என்று வைத்தியர் கூறியதையும் சொன்னோம். கொல்லாமையைப் போற்றும் குடும்பத்தில் இது எளிதான பேச்சன்று. ஆயின், பசியோடும் நோவோடும் கூட்டின் மூலையிலே தானாகச் சாகவிட்டு, நாம் கொல்லவில்லை என்று கைகழுவுவதைக் கொல்லாமை என்று அழைக்க என் மனம் இசையவில்லை.

செலவைக் குறைத்தது புல். பாணும் விசுக்கோத்தும் முற்றாக நின்றன. அறுகும் பிற புல்லும் கூட்டில் எந்நேரமும் இருக்கும். முருங்கைக் குழை கொஞ்சம். கரட்டின் இலை தாராளம், கிழங்கு ஒரு சிறு துண்டு. மாரி முடிந்து தை மாசியில் வளவெல்லாம் புல்லாயிருக்கும்போது வெட்டி, நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டிவைத்தால் கோடைக்கு உதவும். வெங்காய, புகையிலைத் தோட்ட வரம்புப் புல்லை மட்டும் தொடுவதில்லை. அங்கே தெளிக்கும் நாசினி அந்தச் சிறு உடலுக்கு ஆகாது. தகரக் கூரையின்மேல் கிடுகு வேய்ந்து, கூட்டை வேம்பின் நிழலுக்கு மாற்றினோம். இவ்வளவுக்கும் காசு அதிகம் செல்லவில்லை; வெள்ளியை அராவக் கொண்டுசெல்லும் இடைவெளி எட்டு வாரத்திலிருந்து பதினான்கு வாரமாக நீண்டிருக்கிறது.

இன்னும் ஒன்று. வைத்தியச் செலவுக்கு அஞ்சி, வீட்டு மருந்துப் பெட்டியில் மிஞ்சிய அமொக்சிசிலினைக் கரைத்து முயலின் வாயில் ஊற்றுபவர் இருக்கின்றனர். அது நேரே நஞ்சு. பென்சிலின் வகை மருந்து வாய்வழியாகச் சென்றால், குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, முயல் சில நாட்களில் இறந்துபோகும். நாய்க்கு உண்ணி போகத் தெளிக்கும் பிப்ரோனில் மருந்தும் முயலுக்கு ஆகாது. நாய்க்கும் மனிதருக்கும் நல்லது முயலுக்கும் நல்லதென்று எண்ணிவிடக் கூடாது.

சென்ற கிழமை ஒரு மாணவனின் தந்தை என்னைத் தேடி வந்தார். மகனுக்கு முயற்குட்டி வேண்டுமாம். எங்கே வாங்கலாம், என்ன விலை என்று கேட்டார். விலையை முதலிற் சொல்லவில்லை. வெள்ளியின் செலவுகளை மகள் தேதிவாரியாக எழுதிவரும் கொப்பியைக் கொடுத்தேன். நின்றபடியே புரட்டினார். ஒரு பக்கத்தில் கறுப்பியின் பெயரும், அதன் எதிரே செலவு எதுவுமின்றி ஒரு கோடும் இருந்தன. அதை என்னவென்று கேட்டார், சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றவர், மனைவியோடு கலந்து பேசவேண்டும் என்று கொப்பியை இரவல் வாங்கிச் சென்றார்.

இன்னும் திருப்பித் தரவில்லை. செவ்வாய்க்கிழமைச் செலவை ஒரு தனித்தாளில் எழுதித் தகரத்துக்குள் வைத்திருக்கிறாள் மகள்.