வல்லினத்தைக் காதால் கேட்டால் என்ன?

"என்ன சார், தமிழ் கிளாஸ்ல வாயால கொட்டடிக்கச் சொல்லித் தர்றீங்களாமே?" ஆசிரியர் அறையில் இது கிண்டலாக வந்தது. பெற்றோர் கூட்டத்தில் புகாராக வந்தது. எட்டாம் வகுப்பில் பீட்பாக்ஸ் செய்ததற்கு இரண்டு முறை விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இது மூன்றாவது. இதில் மன்னிப்பு இல்லை.

நடந்தது இவ்வளவுதான். கணினி அறையில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், ஒரு ஹெட்செட் மைக். பிள்ளைகள் உதட்டைச் சேர்த்து 'ப்' என்று வெடித்தார்கள், அது கிக். நாக்கு நுனியில் 'த்ஸ்', அது ஹை-ஹேட். அடிநாக்கில் 'க்', அது ஸ்னேர். நிமிடத்துக்கு 120 தட்டு வைத்தால் ஒரு தட்டுக்கு அரை வினாடி. நான்கு தட்டை வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்ப ஒட்டி, மேலே இன்னொரு டிராக்கில் அவர்களே எழுதிய நான்கு வரியைப் பாடினார்கள்.

இதில் தமிழ் எங்கே என்கிறார்கள். ப உதட்டில் பிறக்கிறது, க அடிநாவில் பிறக்கிறது என்று தொல்காப்பியம் பிறப்பியலில் சொன்னதைத்தான் பிள்ளைகள் வாயால் செய்தார்கள். திரையில் வல்லினத்தைப் பார்த்தால் முதலில் ஒன்றுமே இல்லாத கோடு, பிறகு திடீரென்று ஒரு முள். ம அப்படியில்லை, புடைத்து நீள்கிறது. மெல்லினம் மூக்கு வழியாக வரும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். இந்த முறை மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ம்' என்று பதிவு செய்து பார்த்தார்கள். சத்தம் நின்றுபோனது. ஒரே சிரிப்பு. பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவுதான், அந்தப் புகாரை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு 'படம்', 'பாடம்' இரண்டையும் பதிந்து, முதல் எழுத்தை மட்டும் தேர்ந்தெடுத்து நேரம் பார்த்தோம். பின்பெஞ்சு பையன் ஒருத்தன், வாசிக்கச் சொன்னால் தரையைப் பார்த்து நிற்பவன், கேட்டான்: "சார், நெடில் ரெண்டு மாத்திரைன்னீங்க. ஒன்றரைதான் வருது?" பத்தொன்பது வருடத்தில் மதிப்பெண்ணுக்காக இல்லாமல் என்னிடம் கேட்கப்பட்ட முதல் இலக்கணக் கேள்வி அது. பதில் சொல்ல எனக்கே ஒரு நாள் ஆனது. அவனோ தன் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, அழித்து, "இன்னொரு வாட்டி சார்" என்று பேசிக்கொண்டிருந்தான். திருத்தமாக வாசி என்று நான் அதட்டியபோதெல்லாம் நடக்காத காரியம்.

வெளிநாட்டுச் சரக்கு என்பது இன்னொரு குற்றச்சாட்டு. ஆமாம், 1980களின் நியூயார்க் தெருக்களில் வளர்ந்ததுதான். பீட்பாக்ஸ் என்பதே முதலில் தாள இயந்திரத்தின் பெயர். அந்த இயந்திரம் கையில் இல்லாதவர்கள் அதை வாயில் செய்தார்கள். நம்மிடம் கொன்னக்கோல் இருக்கிறதே என்று சில நண்பர்கள் எனக்காக வாதாட வருகிறார்கள். இருக்கிறது. தகதிமி நாலு, தகிட மூணு என்று அதையும் பதிந்தோம். ஆனால் 'நமக்கு அப்பவே தெரியும்' என்ற சான்றிதழ் வாங்கித்தான் ஒரு விஷயம் வகுப்புக்குள் வரவேண்டும் என்றால் அந்த ஆதரவு எனக்கு வேண்டாம்.

இளைய ஆசிரியர் ஒருவர், தயாராக இருக்கும் தாளத் துண்டுகளை ஒட்டினாலே பாட்டு வந்துவிடுமே, எதற்கு இந்த எச்சில் தெறிக்கிற வேலை என்றார். பாட்டு வரும் தம்பி. வாய் எங்கே வரும்?

'போர்ஷன் முடியல' என்பதுதான் கடைசி ஆயுதம். போர்ஷனை முடித்த வகுப்புகளில் மாத்திரை என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். 'கண் இமைக்கும் நேரம்' என்று ஒப்பிப்பார்கள். இமைத்துப் பார்த்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

கணினி அறைச் சாவி இப்போது தலைமையாசிரியர் மேசையில் இருக்கிறது. இணையவழித் தேர்வு நாளில் மட்டும் திறக்கிறார்கள். மைக் என் பையில் இருக்கிறது. அடுத்த வாரம் குற்றியலுகரம், அரை மாத்திரை. அதைப் பிள்ளைகள் காதால் கேட்காமல் நான் நடத்தப் போவதில்லை. நான்காவது விளக்கமும் எழுதத் தயார்.